சொல்லாத வரை

அனிபாவின் ரொட்டியில் ஜூராகான் பாலாடை தடவிக் கொடுத்தாள்.

முந்தின நாள் இதே ஜூராகான் ஒரு கூடை வறட்டிக்காகச் சண்டை போட்டவள். வெந்நீர் ஊற்றையும், அதன் மேல் கட்டிய கல் அறையையும், நோயோடு வருகிறவர்கள் தங்கும் நீளமான மண் வீட்டையும் அவளும் அவள் கணவன் ஷெர்மத்தும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுப்புக்கு இப்படி அள்ளிப் போட்டா நான் யாக் மாட்டுக்குப் பின்னாலயேதான் அலையணும். உன் புருஷன் வரட்டும். ஜீப் நெறைய வறட்டி கொண்டுவந்து இறக்கச் சொல்றேன்" என்று நேற்று கத்தியிருந்தாள்.

"அவர் ஜீப்ல வறட்டி ஏத்தினா, வறட்டிதான்க்கா எறங்கி ஜீப்பத் தள்ளிக்கிட்டு வரணும்" என்றாள் அனிபா. முட்டிவலிக்காக வந்திருந்த ஒரொஸ்பாய் கிழவர் புரையேறும்வரை சிரித்தார்.

இன்று அடுப்பு நிறைய வறட்டி எரிந்தது. ஜூராகான் தன் கையாலேயே வைத்தாள். அனிபா உட்காரும் இடத்தில் கம்பளத்தை இரண்டாக மடித்துப் போட்டிருந்தாள். பாலாடையை எடுத்து வைத்தவள், ரொட்டி அறுக்கும் கத்தியைத் துடைத்துத் தன் மடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஒரொஸ்பாய் சுவரைப் பார்த்தபடி தேநீர் குடித்தார். நேற்றுவரை தன் முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்.

"முட்டி எப்படி இருக்கு தாத்தா?"

"அது கெடக்கு" என்றார் கிழவர். "நீ சாப்பிடும்மா."

காலையில் அனிபா நீருக்குள் இருந்தபோது ஒரு லாரி வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து. எஞ்சின் நின்றதும் ஆண்கள் பேசும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு நின்றது. பிறகு எஞ்சின் கிளம்பியது. ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தபோது மேட்டில் புழுதி மட்டும் இருந்தது. அந்த வெட்டவெளியில் யாரும் தேநீர் குடிக்காமல் கிளம்ப மாட்டார்கள். பகையாளி வந்தாலும் ஒரு கிண்ணமாவது குடித்துவிட்டுத்தான் போவான்.

"லாரி யாருதுண்ணே?"

"வழி தவறி வந்துட்டான்" என்றான் ஷெர்மத்.

ஊற்றுக்கு ஒரே வழிதான். அது ஊற்றோடு முடிந்துவிடும்.

அவள் மேலே கேட்கவில்லை. வாளியை எடுக்கக் குனிந்தாள். ஜூராகான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் விரல்கள் அனிபாவின் விரல்களை ஒரு கணம் பிடித்துவிட்டு விட்டன.

அந்தப் பிடியை அனிபா அறிவாள். போன குளிர்காலத்தில் அவளே அப்படிப் பிடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு சைராகுலின் மகன் சுரங்கத்தில் இறந்த செய்தி முதலில் இவள் வீட்டுக்குத்தான் வந்தது. தாய்க்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். அவர்கள் திரண்டு வரும்வரை ஒரு சொல் வெளியே போகக் கூடாது. அதுவரை சைராகுலைத் தனியே விடாமல் அனிபா பார்த்துக்கொண்டாள். தலை வாரிவிட்டாள். தேநீர் ஊற்றிக்கொடுத்தாள். கத்தியை எடுத்து மறைத்தாள். "காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். சைராகுல் ஏதோ கேலி சொன்னாள். இவளும் கூடச் சிரித்தாள். பிறகு முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவர்கள் உள்ளே வந்து, உட்கார்ந்து, சொன்னார்கள். சொன்ன பிறகுதான் மகன் செத்தான். அதுவரை அவனுக்குக் காய்ச்சல்தான்.

அனிபா ரொட்டியை மென்றாள்.

தூரத்துக் கிராமத்தில் அம்மா இருக்கிறாள். தம்பி ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். பிறகு இதிரிஸ். அவள் கணவன்.

பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. இந்த நீரில் ஊறினால் வயிறு பலப்படும் என்றார்கள். இதிரிஸ்தான் அவளை ஜீப்பில் கொண்டுவந்து விட்டான். "நல்லா ஊறு. ஆட்ட பட்டியில அடைச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். திரும்பப் போகயில ஆறு பனி புடிச்சிருக்கும், மேலயே ஓட்டிரலாம்" என்றான்.

லாரி ஆற்றுப் பக்கமிருந்து வந்தது.

கேட்கலாம். கேட்டால் பொய் சொல்வார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். பொய் சொல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டால்? அவள் கேட்கவில்லை.

பொழுது மெல்ல இறங்கியது. ஜூராகான் அவளைவிட்டு நகரவில்லை. ஷெர்மத் மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், மறுபடி போனான். வெயில் மலை முகட்டுக்கு ஏறி அங்கேயே செத்தது. அறைக்குள் எல்லாரும் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஒரு தடவ ஊறிட்டு வரேன்" என்று அனிபா எழுந்தாள்.

"நானும் வரேன்" என்றாள் ஜூராகான்.

"வேண்டாம்க்கா. தனியா இருக்கணும்."

"போகட்டும் விடு" என்றான் ஷெர்மத். "அவங்க வர இன்னும் நேரம்..." நிறுத்திக்கொண்டான்.

"யாரு வர?"

"ஆடுங்க."

"ஆட்டுக்கெல்லாம் மரியாத குடுத்துப் பேசறீங்களேண்ணே."

அவன் சிரிப்பானென்று காத்திருந்தாள். அவன் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அவன் காலணியில் கயிறு கிடையாது.

வெளியே காற்று நின்றிருந்தது. மலைகள் சாம்பல் நிறத்தில் அருகே வந்து நின்றதுபோல் இருந்தன. ஊற்றிலிருந்து வழிந்தோடும் வாய்க்காலின் இரு கரையிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வாய்க்கால் எப்போதும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவியில் அழுகிய முட்டை வாடையும் துருப்பிடித்த இரும்பின் வாடையும் கலந்து தொண்டைவரை வரும். வந்த முதல் நாள் அவளுக்குக் குமட்டியது, பிறகு அது வீட்டு வாடைபோலப் பழகிவிட்டது. இப்போது வாடை இல்லை. மூக்கு மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கல் அறையின் கூரையில் ஆவி போக விட்ட துளைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தது. ஆவி எதுவும் எழவில்லை.

கதவருகே ஒரு ஜோடி காலணி கிடந்தது. இடது குதிகாலில் தைத்த ஒட்டு. அவளே தைத்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலணியைத் தொட்டாள். நனைந்திருந்தது. ஓரங்களில் பனி கட்டியிருந்தது. அதை எடுத்து நெஞ்சோடு வைத்து, சத்தம் வராமல் அழுதாள்.

பிறகு கதவைத் தள்ளினாள்.

"சாத்து, சாத்து. இருக்கற சூடும் போயிடும்."

தொட்டியின் மூலையில், கழுத்துவரை நீருக்குள் இதிரிஸ் உட்கார்ந்திருந்தான். கூரைத் துளை வழியாக வந்த வெளிச்சம் அவன் தலைமேல் விழுந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க? ஜீப் சத்தமே கேக்கல."

"ஜீப் எங்க இருக்கு? நடந்துதான் வந்தேன்."

"ஜீப்புக்கு என்னாச்சு?"

"ஆறு பாதிதான் புடிச்சிருந்துச்சு. பனி ஒடஞ்சிருச்சு. ஜீப் உள்ள போயிருச்சு."

"நீங்க?"

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலயா? வயித்துக்கு ஊறச் சொன்னா கண்ண ஊறவெச்சியா?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே முகத்தைத் துடைத்தாள்.

"ஜீப்பு போனா போகட்டும்" என்றாள்.

"உங்கப்பன் வாங்கிக் குடுத்ததா, போனா போகட்டும்ங்கற?" என்றான். பிறகு, "சூடே ஏற மாட்டேங்குது. இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தானா?"

"கொஞ்ச நேரம் இருங்க. ஏறும்."

அவன் தாடை நடுங்கவில்லை. குளிரில் வந்தவன் நடுங்குவான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததைத் தள்ளி வைத்தாள்.

"இங்க என்ன நடக்குது?" என்றான். "ஷெர்மத்துக்கு சலாம் சொன்னேன். மேட்டுல நின்னு எங்கயோ பாத்துக்கிட்டே இருந்தான். ஜன்னல் வழியா கெழவரக் கூப்பிட்டேன். தலைய குனிஞ்சுக்கிட்டாரு. எல்லாரும் எங்கிட்ட எதையோ மறைக்கறாங்க. யாரு செத்தது?"

அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவன் அம்மா கோடையிலிருந்து படுக்கையில் கிடக்கிறாள். அத்தைதான். செய்தி அவனுக்கானது, தனக்கு இல்லை. மருமகள் என்பதால் அந்தப் பாலாடை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் குனிந்த தலைகள். லாரி, கத்தி, எல்லாம் பொருந்தின. அவளுக்குள் சூடாக ஏதோ பரவியது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் வெட்கினாள். அத்தை அவளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இரண்டு குழந்தைகளையும் தன் கையாலேயே துணியில் சுற்றியவள்.

"யாரும் சாகல" என்றாள்.

"அம்மாவா?"

"அத்தைக்கு லேசா காய்ச்சல். வேற ஒண்ணும் இல்ல."

அவன் அவளையே பார்த்தான்.

"உனக்குப் பொய் சொல்ல வராது" என்றான். "சரி. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்."

"தேநீர் கொண்டு வரேன். எழுந்திரிக்காதீங்க."

அவள் ஓடினாள். கதவைத் திறந்தபோது உள்ளே மூவரும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தார்கள்.

"அக்கா, ரெண்டு கிண்ணம் குடுங்க. அவர் வந்துட்டாரு."

யாரும் அசையவில்லை.

"யாரு?" என்றாள் ஜூராகான்.

"எங்க வீட்டுக்காரர்தான். ஆத்துல ஜீப் மாட்டிக்கிச்சாம், நடந்தே வந்திருக்காரு. தண்ணியில உக்காந்திருக்காரு." குரலைத் தணித்துக்கொண்டாள். "அத்தை விஷயம் எனக்குப் புரிஞ்சிருச்சு. நான் சொல்ல மாட்டேன். பெரியவங்க வந்தே சொல்லட்டும்."

ஜூராகான் கணவனைப் பார்த்தாள். ஷெர்மத் கிழவரைப் பார்த்தான். ஒரொஸ்பாயின் தாடி அசைந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஷெர்மத் மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

இல்லை என்று அவர்களால் சொல்ல முடியாது. அங்கே உட்கார்ந்திருப்பது அவனில்லை, அவனாக இருக்க முடியாது என்றால், அதுவே சொல்லிவிட்டதாகிவிடும். சொல்ல வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை.

"நல்லதும்மா" என்றான் ஷெர்மத். "சூடா குடிக்கச் சொல்லு."

ஜூராகான் ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். உப்பும் பாலும் கலந்த தேநீர். பிறகு இரண்டாவது கிண்ணத்தை எடுத்தாள். கெட்டிலின் மூக்கு கிண்ணத்தின் விளிம்பில் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. தேநீர் கம்பளத்தில் கொட்டியது. அவள் நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கோரமாக இறங்க, விளிம்புவரை நிரப்பினாள். செத்தவர்களுக்கு வைக்கும் கிண்ணத்தைத்தான் அப்படித் தளும்பத் தளும்ப நிரப்புவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பாதிக்குமேல் யாரும் ஊற்ற மாட்டார்கள்.

அனிபா இரண்டு கிண்ணங்களையும் பார்த்தாள்.

ஒன்று பாதி. ஒன்று விளிம்புவரை.

ஜூராகானும் அப்போதுதான் பார்த்தாள். கை வாய்க்குப் போனது.

அடுப்பில் வறட்டி ஒன்று உடைந்து விழுந்தது.

அனிபா கிண்ணங்களை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தாள். நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நடந்தாள். திரும்பி ஓடலாம். உள்ளே போய்க் கம்பளத்தில் விழுந்து கத்தலாம். அவள் நடந்தாள். கல் அறை இருட்டாக இருந்தது. அவன் இருப்பானோ என்று பயந்தாள். இல்லாமல் போய்விடுவானோ என்று அதைவிடப் பயந்தாள்.

இருந்தான்.

"எவ்வளவு நேரம்? தேயில பறிக்கப் போயிட்டியா?"

அவள் கிண்ணத்தைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். அவன் கை நீருக்குள்ளிருந்து வந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கி இருந்தன. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். குடிக்கவில்லை. தேநீரின் ஆவி நின்றது. மேலே பால் ஏடாகப் படிந்தது. பிறகு ஏடு வெள்ளையாக இறுகியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "ஆத்தோரம் கொஞ்சம் பேர் நின்னாங்க. பனிய ஓட்ட போட்டு, கயிறு விட்டு எதையோ இழுத்துக்கிட்டு இருந்தாங்க. ஜீப்பத்தான் இழுக்கறாங்கன்னு நெனச்சு கிட்டப் போனேன். ஒருத்தர் எம்பேரச் சொன்னாரு. அதுக்கு மேல ஏதோ சொல்ல வந்தாரு. எனக்கு அதக் கேக்கப் புடிக்கல. காலு மரத்துப்போச்சு. கேட்டுட்டா அதுக்கப்பறம் நடக்க முடியாதுன்னு தோணுச்சு. திரும்பி நடந்து வந்துட்டேன்."

"நல்லது பண்ணீங்க" என்றாள்.

"என்னத்த இழுத்தாங்க அனிபா?"

"ஜீப்பத்தான்."

அவள் கையை நீரில் விட்டாள். காலையில் தோலைச் சிவக்க வைத்த நீர். எலும்புவரை குளிர்ந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

சுவரில் வெளிச்சம் ஊர்ந்தது. கதவு இடுக்குகள் வழியாக. ஒரு வண்டி. பின்னால் இன்னொன்று. எஞ்சின்கள் நின்றன. பலர் இறங்கும் சத்தம். பெண்களும் இருந்தார்கள். ஷெர்மத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். காலடிகள் மண் வீட்டுக்குப் போகவில்லை. இந்தப் பக்கம் திரும்பின.

அனிபா கதவைத் தாழிட்டாள். உள்ளே கிடந்த பெஞ்சை இழுத்துக் குறுக்கே போட்டாள்.

"அனிபா." வயதான குரல். இதிரிஸின் பெரியப்பா கல்முர்சா. அந்தக் குடும்பத்தில் சொல்ல வேண்டியவர் அவர்தான். "மகளே, வெளிய வாம்மா. உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"பெரியப்பா குரல் மாதிரி இருக்கே" என்றான் இதிரிஸ். "அப்ப அம்மாதான்."

அவன் எழுந்தான். நீர் நெஞ்சிலிருந்து வழிந்தது. அக்குள்களுக்குக் கீழே, மார்பைச் சுற்றி, கயிறு இறுக்கிய தடம் கறுப்பாக ஓடியது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். விரலால் தடவினான்.

"இது என்னது?"

"உக்காருங்க."

"அனிபா, இது என்னது?"

அவள் உடுத்திய துணியோடு தொட்டிக்குள் இறங்கினாள். மூச்சு நின்று வந்தது. அவன் தோள்களைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

வெளியே கல்முர்சா தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

"மனச கல்லாக்கிக்கோ மகளே. நம்மகிட்ட குடுத்தவன் அவன். எடுத்துக்கறவனும்..."

அவள் இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள்.

இறுக்கிப் பொத்தினாள். அவன் முகம் அவள் முகத்துக்கு அருகே இருந்தது. அவன் மூச்சு அவள்மேல் படவில்லை.

"பொறந்த நம்ம பையனுக்கு ரெண்டு கண்ணும் உங்க கண்ணு மாதிரியே இருந்துச்சு" என்றாள் உரக்க. "உங்ககிட்ட சொன்னதே இல்ல. இன்னொன்னு பொறக்கும். தண்ணி நல்ல தண்ணி. எனக்குத் தெரியுது. வசந்தம் வரட்டும்."

வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு. காலை. லாரிக்காரர்கள். அவன் பெயர். தன் காதுகளைப் பொத்திக்கொள்ள அவளிடம் வேறு கைகள் இல்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கடைசிச் சொல்லும் கேட்டது. பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். கதவு அதிர்ந்தது.

அவள் கைகளை எடுக்கவில்லை. அவன் தலைமுடி அவள் விரல்களில் உறைந்து ஒட்டியிருந்தது. நீரின் மேல் பரப்பு விளிம்பிலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டு, மெல்லிய ஓசையோடு, இருவரின் கழுத்தையும் நோக்கி வந்தது.

அவன் கண்கள் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன சொல்றாங்க?" என்றான்.